இடது பக்கக் காற்று

ஸ்டோர் மூடி நாலு வருடம்.
மேல்மாடியில் கொழுந்து வாட்டிய தொட்டிகள்
வலை கிழியாமல் கிடந்தன.
விசிறியைப் போட்டதும்
சுவருக்குள்ளிருந்து எங்கோ
பச்சை மணம் கிளம்பி வந்தது.

எங்களுக்கு வேண்டியது காற்று.

மூன்றில் ஒரு பங்கு அளவில்
நுரைக்கட்டையில் செதுக்கிய வண்டியைத்
தொட்டியின் நடுவில் நிறுத்தினோம்.
தாழ்ந்த மூக்கு, மூடிய கூண்டு,
முதுகில் சுறாவின் செதில்.
உடம்பெல்லாம் சிவப்பு நூல் துண்டுகள்,
இருநூற்றுப் பதினாறு.
ஒட்டியவள் ஹில்மியா,
ஒவ்வொன்றுக்கும் மூச்சை நிறுத்தி.

காற்று ஒழுங்காய்ப் போனால் நூல் படியும்.
குழம்பினால் தலைவிரிக்கும்.
வேறு கருவி வாங்கக் காசில்லை.

ஆறு மணி நேரப் போட்டி.
எவ்வளவு வேகம் என்று எல்லோரும் கேட்கிறார்கள்.
ஐந்தாவது மணியில் எது உடையும்
என்பதுதான் என் தூக்கத்தைத் தின்னும் கேள்வி.
அதனால் மூக்கை நான்கு ஊசிகளில் தொங்கவிட்டேன்,
கழற்ற ஒன்பது விநாடி.
விளக்குக்குப் போகும் வயர் இரண்டு வழியில் ஓடுகிறது.
கைக்கு எட்டும் இடமெல்லாம் ஒரே அளவு நட்டு,
பதின்மூன்று.
மழையில், இருட்டில், பதற்றத்தில் குனிபவனுக்கு
ஒரு சாவி போதும்.

பிசின் ஊறிய கார்பன் துணியை
அடுக்கி, பையில் காற்றை உறிஞ்சி இறுக்கி,
கீழ்மாடித் தேயிலை டிரையரில் வேகவைத்தோம்.
தொண்ணூறு பாகை, ஏழு மணி நேரம்.
வெளியே எடுத்தபோது கறுப்பாய், மணியாய் ஒலித்தது.
இன்னும் பதினொரு கிலோ அதிகம்.

நூல்கள் மட்டும் இணங்கவில்லை.
வலப்பக்கம் வாரிவிட்ட தலை,
இடப்பக்கம் சண்டைக்குப் பிந்திய தலை.
மூன்று வாரம் சுரண்டினேன்.
இடது விளிம்பை நான்கு மில்லிமீட்டர் உயர்த்தியதும்
எல்லாம் படிந்தன.
அன்றிரவே கட்டுகஸ்தோட்டைக்கு
அச்சு வார்க்கச் சொல்லிவிட்டேன்.

சுகிர்தா எங்கள் வெல்டர்.
அதற்குமுன் இதே மாடியில் இரண்டு வருடம் இரவு ஷிப்ட்.
இறக்கையின் தாங்கியை ஒட்ட வந்தவள்
முகக்கவசத்தை நெற்றிக்குத் தூக்கி
ஓடும் விசிறியின் முன் கையை விரித்தாள்.

"இது நொண்டி விசிறி.
இடதுபக்கக் கொழுந்து எப்பவும் முந்தி வாடும்.
நாங்க அந்தப் பக்கம் கொஞ்சம் தடிப்பாப் பரப்புவோம்.
ஒங்களுக்கு யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை.
யாரையும் நான் கேட்கவில்லை.

மாதிரியைத் தலைகீழாகத் தொங்கவிட்டோம்.
இப்போது கலைந்தது வலப்பக்கம்.

மூன்று வாரமும்
விசிறியின் நொண்டியை
வண்டிக்குள் செதுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்,
பத்தில் ஒரு மில்லிமீட்டர் சுத்தமாக.

ஹில்மியா கணக்குக் கொப்பியைத் திறந்து
ஒன்றும் எழுதாமல் மூடினாள்.
அச்சு வந்தது. அறுத்தோம். நிரப்பினோம்.
வார்னிஷுக்கு அடியில் அந்த வடு தெரிகிறது.

நானுஓயாவுக்குக் கீழே
பொலிஸ் மூடித்தந்த ஒரு கிலோமீட்டர் நேர்பாதை,
காலை ஐந்தே முக்கால்.
மூட்டம் விலக நாற்பது நிமிடம் காத்திருந்தோம்.
ரொமேஷ் முதல் ஓட்டத்தை முடித்து
கதவைத் தூக்கி
தொப்பியைக் கழற்றாமலே சொன்னான்:
"நூற்று நாற்பதில் கொஞ்சம் வலப்பக்கம் இழுக்குது."

சக்கரக் கோணத்தை நினைத்தேன்.
டயர்க் காற்றை நினைத்தேன்.
அந்த நான்கு மில்லிமீட்டரை நினைத்தேன்.

சுகிர்தா பாதையோரம் நின்று
கிரேட் வெஸ்டர்ன் மலையை நோக்கிக் கையை விரித்திருந்தாள்.
அவள் விரலிடுக்கில்
மிச்ச மூட்டம் சாய்ந்து போனது.

வண்டியைத் திருப்பு, என்றேன்.
அந்தப் பக்கமிருந்து ஓட்டிக்கொண்டு வா.